வாசனைக்கும் மருந்துக்கும் இடையில்

நம் வீடுகளில் வாசனை எண்ணெய்க் குப்பிகள் பெருகிவிட்டன. ஒரு காலத்தில் அலுமாரியின் மூலையில் தலையிடிக்கு ஒரு தைலம், பல்வலிக்குக் கராம்பு எண்ணெய், ஜும்ஆவுக்குப் போகும்போது வாப்பா பூசும் அத்தர், இவ்வளவுதான் இருக்கும். இன்று கறுவா, யூக்கலிப்டஸ், லவண்டர், டீ ட்ரீ, எலுமிச்சம்புல், ஓமம் என்று விரலளவு குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. கூடவே வட்ஸ்அப் குழுக்களில் செய்திகளும் வருகின்றன. கறுவா எண்ணெய் அன்டிபயோட்டிக்கை விட வலிமையானது, கராம்பு எண்ணெய் எல்லாக் கிருமியையும் கொல்லும், ஆய்வுகூடத்தில் நிரூபித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை, பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

இச்செய்திகள் முழுப் பொய்யாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அவற்றில் பாதி உண்மை இருக்கிறது. கறுவா எண்ணெய் பற்றீரியாக்களைக் கொல்லும் என்பது உண்மை. ஆகவே அது பற்றீரியாவால் வந்த நோயைக் குணமாக்கும் என்பது இன்னொரு கூற்று. அதற்கு இன்னொரு சான்று வேண்டும். முதற் கூற்றிலிருந்து இரண்டாவது கூற்றுக்குப் போக நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்தத் தூரத்தை அளக்கத் தெரிந்தவர்களாக நம் மாணவிகள் வளர வேண்டும். அளக்காமல் எந்தப் பெற்றோரும் பிள்ளையின் வாயில் ஒரு துளியும் விடக் கூடாது. இதுவே என் கருத்து.

குப்பிக்குள் இருப்பது

தேங்காய் எண்ணெயும் வாசனை எண்ணெயும் பெயரில் மட்டுமே உறவு. ஒரு கடதாசியில் தேங்காய் எண்ணெய் ஒரு துளியும் கறுவா இலை எண்ணெய் ஒரு துளியும் விட்டுப் பாருங்கள். முதலாவது கறையாக நின்றுவிடும். இரண்டாவது மெல்ல மெல்லப் பறந்துவிடும். தேங்காய் எண்ணெய் கொழுப்பு. வாசனை எண்ணெய் எளிதில் ஆவியாகும் பல சிறு மூலக்கூறுகளின் கலவை. இலை, பட்டை, பூ, விதை ஆகியவற்றினூடே கொதிநீராவியைச் செலுத்தினால் அந்த மூலக்கூறுகள் ஆவியோடு வெளியேறும். குளிரவைத்தால் நீர் வேறு, எண்ணெய் வேறாகப் பிரியும். நம் உயர்தர வகுப்பு இரசாயனவியலில் கறுவா இலையைக் கொண்டு செய்யப்படும் கொதிநீராவிக் காய்ச்சி வடிப்பு இதுதான்.

இந்தக் கலையில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, வாசனைப் பொருள்களின் இரசாயனம் பற்றியும் வடித்தல் பற்றியும் தனி நூலே எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. வடிகலத்தைக் குறிக்கும் 'அல்-அன்பீக்' என்ற அறபுச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் 'அலெம்பிக்' ஆனது. நாம் அன்றாடம் சொல்லும் அத்தர் என்ற சொல்லும் 'இத்ர்' என்ற அறபுச் சொல்லின் வழிவந்ததே. எனவே இந்தக் குப்பிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. அவற்றை ஆராய்ந்து அறிந்த மரபும் நம்முடையதுதான்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். கடையில் நாம் வாங்கும் கருஞ்சீரக எண்ணெய் பெரும்பாலும் விதையை ஆட்டிப் பிழிந்த கொழுப்பு எண்ணெய். கருஞ்சீரகத்தின் கிருமி எதிர்ப்புப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் தைமோகுவினோன் என்ற பொருள் அதன் ஆவியாகும் பகுதியில் இருப்பது. அந்தப் பகுதி விதையில் மிகச் சிறிய அளவே. ஆய்வில் வடித்தெடுத்த பொருளைப் பற்றிச் சொன்னதை, பிழிந்த எண்ணெய்க் குப்பியின் மேல் அப்படியே ஒட்டி விற்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

ஒரு மரம், மூன்று எண்ணெய்

கறுவா நம் நாட்டுச் சொத்து. 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இந்த ஒரு மரமே வாசனை எண்ணெய்களைப் பற்றிய முதற் பாடத்தை நமக்குக் கற்பிக்கப் போதுமானது.

கறுவாப் பட்டையை வடித்தால் வரும் எண்ணெயில் முதன்மையாக இருப்பது சினமல்டிகைட்டு. வட்டிலப்பத்தையும் புரியாணியையும் மணக்கச் செய்வது அதுதான். அதே மரத்தின் இலையை வடித்தால் வருவதில் பெரும்பகுதி இயூஜினோல். இது கராம்பில் இருக்கும் பொருள்; அதனால்தான் கறுவா இலை எண்ணெய் கராம்புபோல மணக்கிறது. வேர்ப்பட்டையை வடித்தாலோ முதன்மையாக வருவது கற்பூரம். கொழும்பில் இயங்கிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். ஓ. பி. விஜேசேகரவும் அவரது குழுவினரும் 1970களில் இந்த மூன்று எண்ணெய்களின் உட்கூறுகளைப் பிரித்தறிந்து வெளியிட்டனர். அந்த நிறுவனமே இன்று கைத்தொழில் தொழினுட்ப நிறுவனமாக இயங்குகிறது.

இதன் பொருள் என்ன? 'கறுவா எண்ணெய் நல்லது' என்று யாராவது சொன்னால், 'எந்தக் கறுவா எண்ணெய்?' என்பதே நம் முதற் கேள்வியாக இருக்க வேண்டும். பட்டையா, இலையா, வேரா? ஒன்று தோலை எரிக்கும். ஒன்று பல்வைத்தியருக்கு உதவும். மூன்றாவதிலுள்ள கற்பூரம் சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பை உண்டாக்கும். பெயர் ஒன்று, பொருள் மூன்று. ஒரே இலையிலும்கூட மண், மரத்தின் வயது, பறித்த பருவம், வடித்த நேரம் என்பவற்றைப் பொறுத்து அளவுகள் மாறும். மருந்துக் கடையில் வாங்கும் வில்லையில் 500 மில்லிகிராம் என்றால் ஒவ்வொரு வில்லையிலும் அந்த அளவு இருக்கும்படி உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறார்கள். விரலளவு வாசனைக் குப்பியில் என்ன இருக்கிறது என்பதை வாயு நிறப்பகுப்புக் கருவியில் இட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கிருமி எப்படிச் சாகிறது?

இயூஜினோல், ஓமத்திலுள்ள தைமோல், ஒறிகானோவிலுள்ள கார்வக்றோல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தவை. வளைய அமைப்பு ஒன்றும் அதனோடு இணைந்த ஐதரொட்சில் கூட்டம் ஒன்றும் இவற்றுக்கு உண்டு. இவை நீரை விடக் கொழுப்பை விரும்பும் மூலக்கூறுகள். பற்றீரியாக் கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு கொழுப்பால் ஆனது. ஆகவே இவை அந்த மென்சவ்வுக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. உள்ளிருக்கும் பொற்றாசியம் அயன்கள் கசிந்து வெளியேறுகின்றன, கலத்தின் சக்திச் சேமிப்புக் குறைகிறது, கலம் சாகிறது. சினமல்டிகைட்டு கலத்தின் புரதங்களோடு தாக்கம் புரிந்தும் அதன் வேலையைக் கெடுக்கிறது. எல்லாப் பற்றீரியாவும் இதற்கு ஒரே மாதிரி பணிவதில்லை. வெளிப்புறத்தில் இன்னொரு மென்சவ்வைக் கொண்ட கிராம்-மறை பற்றீரியாக்கள் பொதுவாக அதிகம் தாக்குப்பிடிக்கும். புண்களிலும் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் தொல்லை தரும் சூடோமோனாஸ் அவற்றுள் ஒன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மென்சவ்வு பற்றீரியாவுக்கு மட்டும் உரியதா? நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் மென்சவ்வு உண்டு. கிருமியின் சவ்வைக் குலைக்கும் மூலக்கூறு அளவு கூடினால் நம் சவ்வையும் குலைக்கும். பெனிசிலினின் சிறப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அது தாக்குவது பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதை. நம் கலங்களுக்குச் சுவரே இல்லை. ஆகவே ஒவ்வாமை இல்லாதவருக்கு, கிருமியைக் கொல்லும் அளவு பெனிசிலின் பெருந்தீங்கு செய்வதில்லை. நல்ல மருந்துக்குக் கொல்லும் சக்தி மட்டும் போதாது. எதைக் கொல்வது, எதை விட்டுவைப்பது என்ற தெரிவும் வேண்டும். கொல்வதுதான் அளவுகோல் என்றால் கொதிநீரும் கிருமியைக் கொல்லும். அதை யாரும் மருந்தாக நரம்பில் ஏற்றுவதில்லை.

கிண்ணத்திலிருந்து உடம்புக்கு

'ஆய்வுகூடத்தில் நிரூபித்துவிட்டார்கள்' என்ற சொற்றொடரின் பின்னால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் இருக்கும். பெத்திரிக் கிண்ணத்தில் ஏகார் கூழ், அதன் மேல் பற்றீரியா, நடுவில் எண்ணெயில் தோய்த்த சிறு கடதாசி வட்டு. மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் தெரியும். பக்கத்தில் அன்டிபயோட்டிக் வட்டைச் சுற்றியும் ஒரு வளையம். எண்ணெயின் வளையம் இரண்டு மில்லிமீற்றர் அகலமாக இருந்தால் 'அன்டிபயோட்டிக்கை விடச் சிறந்தது' என்று செய்தி பிறந்துவிடும்.

அந்த இரண்டு வட்டுகளிலும் என்ன அளவு இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான ஜென்டாமைசின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம் மருந்து. எண்ணெய் வட்டில் 10 மைக்ரோலீற்றர் இட்டால் அது ஏறத்தாழ 10,000 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்த தேரையும் ஒருவர் இழுத்த வண்டியையும் அருகருகே நிறுத்தி, தேர் இரண்டடி முன்னே நிற்கிறது என்று பெருமைப்படுவது போன்றது இது. எண்ணெய் நீர்க்கூழில் நன்றாகக் கரைவதுமில்லை. மூடிய கிண்ணத்துக்குள் ஆவியாகவும் பரவும். ஆகவே வளையத்தின் அகலத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுவதே பிழையான அளவீடு.

இனி உடம்புக்கு வருவோம். கிருமியின் வளர்ச்சியை நிறுத்த இத்தகைய எண்ணெய்கள் ஒரு மில்லிலீற்றர் திரவத்துக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் அளவில் தேவைப்படுவது வழக்கம். 500 என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. அதில் அந்தச் செறிவு நிற்க வேண்டுமானால் 2.5 கிராம் எண்ணெய் இரத்தத்தில் மட்டுமே இருக்க வேண்டும். விழுங்கியது முழுதும் இரத்தத்தில் நிற்பதில்லை. கொழுப்பில் படியும், ஈரல் அதை மாற்றி வெளியேற்றும். ஆகவே விழுங்க வேண்டியது அதைவிடப் பல மடங்கு. ஆனால் இயூஜினோலை வாழ்நாள் முழுதும் உண்டாலும் தீங்கில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் இணைந்த நிபுணர் குழு வகுத்த நாளாந்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 2.5 மில்லிகிராம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 25 மில்லிகிராம். ஒரு துளி கராம்பு எண்ணெயே அந்த 25ஐத் தாண்டிவிடும்.

கிண்ணத்தில் மெய்யானது உடம்பில் மெய்யாக வேண்டுமென்பதில்லை என்ற கருத்து மேற்கிலிருந்து நேற்று வந்ததன்று. 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்-கானூன்' நூலின் இரண்டாம் பகுதியில் மருந்தைப் பரிசோதிக்க நிபந்தனைகள் வகுத்தார். மருந்தில் வேறு பொருளின் கலப்பு இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு நோயிலேயே சோதிக்க வேண்டும். விளைவு திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். சோதனை மனித உடம்பில் நடக்க வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ தெரிந்த விளைவு மனிதனுக்குச் சான்றாகாது என்பன அவற்றுட் சில. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குதிரையையே போதிய சான்றாக ஏற்காத அறிவு மரபின் வாரிசுகள் நாம். ஒரு பெத்திரிக் கிண்ணத்தை மட்டும் கண்டு பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாமா?

முன்னோர் பாவித்ததுதானே?

இது நியாயமான கேள்வி. உம்மம்மாமார் கராம்பும் கறுவாவும் ஓமமும் கொண்டு கைமருந்து செய்தார்கள். நாமும் அவற்றில் வளர்ந்தோம். ஆனால் அவர்கள் கொடுத்தது சரக்கு. குப்பியில் இருப்பது அதன் செறிந்த வடிப்பு. கராம்பு மொட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே எண்ணெய். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் கராம்பு எண்ணெயைப் பெறச் சுமார் முந்நூறு கராம்பு வேண்டும். தேநீரில் இரண்டு கராம்பு இட்ட எந்த உம்மம்மாவும் முந்நூறு இட்டதில்லை. 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கராம்பு எண்ணெய் குடித்துவிட்ட இரண்டு வயதுப் பிள்ளை நினைவிழந்து, வலிப்பு வந்து, ஈரல் பாதிக்கப்பட்டு உயிராபத்துக்கு உள்ளானதை மருத்துவ ஏடுகள் பதிவுசெய்துள்ளன. யூக்கலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் அவ்வாறே சிறு பிள்ளைகளுக்கு வலிப்பை உண்டாக்க வல்லவை. 'இயற்கை' என்ற சொல் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு கேள்வி இதைவிட மென்மையாகக் கையாள வேண்டியது. இப்படிப் பேசுவது நபி மருத்துவத்தைக் குறைத்து மதிப்பதாகாதா? ஆகாது. கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்று அறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஹதீஸுக்குக் கண்ணியம் கொடுப்பது வேறு. அதைக் குப்பியின் லேபலில் அச்சிட்டு விலையை உயர்த்தும் வியாபாரியை நம்புவது வேறு. அவருடைய குப்பியின் தூய்மைக்கும் அவர் சொல்லும் அளவுக்கும் ஹதீஸ் உத்தரவாதம் தரவில்லை. ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்கள் நோயுற்றபோது, மருத்துவம் அறிந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூதில் வருகிறது. அறிந்தவரை நாடுவதும் அந்த வழிமுறையில் அடங்கியதே.

'இயற்கை மருந்தை மருந்துக் கம்பனிகள் மறைக்கின்றன' என்றும் சிலர் சொல்வார்கள். உண்மையில் பயன் தந்த தாவரப் பொருளை மருத்துவம் மறைக்கவில்லை, எடுத்துக்கொண்டது. பல்வைத்தியர் தற்காலிகமாகப் பல் அடைக்கும் சீமெந்தில் நாக ஒட்சைட்டோடு சேர்வது இயூஜினோல்தான். லிஸ்டரின் என்ற வாய்கொப்பளிப்பில் இருப்பவை தைமோல், யூக்கலிப்டோல், மென்தோல், மெதைல் சலிசிலேற்று. டீ ட்ரீ எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஜெல்லை, முகப்பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சோயில் பெரொட்சைட்டோடு ஒப்பிட்டு 1990இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரிடம் சோதித்தார்கள். இரண்டும் பயன் தந்தன; டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, பக்கவிளைவு குறைவாக இருந்தது. கவனியுங்கள்: 5 சதவீதம், தோலின் மேல், 124 மனிதரிடம். தூரத்தை இப்படித்தான் நடந்து கடக்க வேண்டும்.

தாமதத்தின் விலை

எண்ணெய் நேரடியாகச் செய்யும் தீங்கை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதை நம்பி நாம் இழக்கும் நாட்கள். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவது. எரிவு இருந்தாலும் வெட்கத்தால் உம்மாவிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கைத்தொலைபேசியில் தேடி ஏதோ ஒரு எண்ணெயைப் பூசியோ தண்ணீரில் கலந்து குடித்தோ நாட்களைக் கடத்துவார்கள். தொடக்கத்தில் சில நாள் மருந்தோடு தீரக்கூடிய தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிடலாம். நீரிழிவு உள்ள வாப்பாவின் காலில் சிறு புண் வந்தாலும் இதே கதைதான். எண்ணெய் பூசிப் பூசி இரண்டு வாரம் போனபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், மருந்தால் முடிந்திருக்க வேண்டியது கத்திக்குப் போய்விடலாம். பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் மகள் வெட்கமின்றி நோயைச் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். அதற்கு ஈடான மருந்து எந்தக் குப்பியிலும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. எண்ணெயை அளவுக்கு மீறி நம்புவோர் ஒருபுறம். தடிமனுக்கும் இருமலுக்கும் துண்டில்லாமல் பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்குவோர் மறுபுறம். சாதாரண தடிமனும் டெங்குவும் வைரசால் வருவன. அவற்றில் அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. காய்ச்சல் விட்டதும் மீதி வில்லைகளை அடுத்த பிள்ளைக்கென்று எடுத்து வைப்பதும் நம் வீடுகளில் நடப்பதே. குறைந்த அளவில் பெனிசிலின் பாவித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று, அதைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945இல் தம் நோபல் உரையில் எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது உலகளாவிய மதிப்பீடு. எண்ணெயை மருந்தென்று நம்புவதும் மருந்தை மிட்டாய்போல விழுங்குவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். என்ன பொருள், என்ன அளவு, எந்த நோய் என்ற கேள்விகளைக் கேட்காமல் விடுவதே அந்த அறியாமை.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதால்தான் வாசனை எண்ணெய்களின் மூலக்கூறுகள் பற்றிய ஆய்வு இன்று முக்கியமாகிறது. அன்டிபயோட்டிக்கோடு சேர்த்தால் அதன் வலிமையைக் கூட்டுமா, உணவு கெடாமல் காக்க உதவுமா, புண்ணின் மேற்பரப்பில் பயன்படுமா என்று பல நாடுகளில் ஆராய்கிறார்கள். அந்த ஆய்வை நான் குறைத்துப் பேசவில்லை. முடிவதற்கு முன்பே அதை நம் பிள்ளைகளின் உடம்பில் நடத்திப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நம் கல்லூரி செய்யக்கூடியது

மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி து யூயூவின் கதை நம் மாணவிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய சீன மருத்துவ நூலொன்றில், குறிப்பிட்ட ஒரு மூலிகையைக் குளிர்நீரில் ஊறவைத்துப் பிழியும் முறை கூறப்பட்டிருப்பதை அவர் கண்டார். சூடாக்கினால் மருந்துப் பொருள் அழிகிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஈதரில் பிரித்தெடுத்தார். 1971இல் எலிகளில் வெற்றி கிடைத்தது. பின்னர் நோயாளருக்குக் கொடுக்கும் முன் தாமே அதை உட்கொண்டு பாதுகாப்பைச் சோதித்தார். அப்படிப் பிறந்த ஆட்டிமிசினின் அவருக்கு 2015இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. பழைய நூலை அவர் இகழவுமில்லை, அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவுமில்லை. அதைக் கேள்வியாக மாற்றினார். நம் மரபையும் நாம் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

நம் விஞ்ஞான மன்றம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு முயற்சியைச் செய்யலாம். கறுவா இலையை நம் ஆய்வுகூடத்திலேயே வடிக்கட்டும். தயிருக்கு உறையிட்ட பாலைச் சம அளவில் ஐந்து கிண்ணங்களில் ஊற்றட்டும். ஒன்றில் எதுவும் வேண்டாம். ஒன்றில் தேங்காய் எண்ணெய். மற்ற மூன்றில் கறுவா இலை எண்ணெய் ஒரு துளி, மூன்று துளி, பத்துத் துளி. தயிர் உறைவதும் பற்றீரியாவின் வேலைதானே? எந்தக் கிண்ணத்தில் உறைந்தது, எதில் உறையவில்லை, மறுமுறை செய்தாலும் அப்படியே வருகிறதா என்று எழுதட்டும். பிறகு, உறையாத கிண்ணத்திலுள்ள பாலை ஒருவர் குடிக்க முடியுமா என்று விவாதிக்கட்டும், குடிக்க வேண்டாம். நோய்க் கிருமிகளை வளர்க்காமலே, ஆபத்தின்றி, இந்தக் கட்டுரை சொன்ன முழு விடயத்தையும் அவர்கள் தம் கையாலேயே அறிந்துகொள்வார்கள். அவர்களில் ஒருத்தி நாளை திஹகொடை, பலொல்பிட்டியவிலுள்ள கறுவா ஆராய்ச்சி நிலையத்திலோ ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ நின்று, நம் கறுவா எண்ணெயின் உண்மையான இடத்தைக் கண்டறியலாம். உலகத்துக்கு எண்ணெயை அனுப்பும் நாடு, அந்த எண்ணெய் பற்றிய அறிவையும் அனுப்ப வேண்டாமா?

பெற்றோருக்கு நான்கு வார்த்தைகள். வாசனை எண்ணெய் எதையும் மருத்துவரின் சொல்லின்றி உள்ளே கொடுக்காதீர்கள். கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தொப்புளிலோ பூசாதீர்கள். பெரியவர்கள் தோலில் பூசுவதானாலும் நன்றாக ஐதாக்கி, கையில் ஓரிடத்தில் பூசி ஒருநாள் பார்த்த பின்னரே பூசுங்கள். கறுவாப் பட்டை எண்ணெயைத் தோலுக்கு எடுக்கவே வேண்டாம். குப்பிகளை மருந்தைப் போலவே பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளியாவார் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அது வைத்தியர் வேடம் போட்டவருக்கு மட்டும் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தெரியாத ஒரு மருந்துச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புமுன் விரல் சற்று நிற்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் ஒருவருடைய வீட்டில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை படுத்திருக்கலாம்.